எட்டுப் போட்டால் போதுமா?

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்ததைத் தொடர்ந்து, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கல்முனை என எங்கும் மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையங்கள் பழைய களையைப் பெற்றுள்ளன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பாவித்த வண்டிகளின் விலை சாமானியர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனதையும், 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறையின் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்ததையும் எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் பாடசாலையை விட்டு வெளியேறிய பிள்ளைகள் பலர் இப்போதுதான் முதன்முறையாக ஒரு வண்டியின் கைபிடியைப் பற்றுகின்றனர். ஆகவே இது புதிதாக ஓடப் பழகுவோரின் காலம். அவர்களைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய காலமும் இதுவே.

இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துகளில் ஆண்டொன்றுக்கு 2000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழக்கும் இந்நாட்டில், அவ்வாறு இறப்போரில் மிகப் பெரிய தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஷெல் வீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிப் பிழைத்த குடும்பங்கள், யுத்தம் ஓய்ந்த பின்னர் வளர்ந்த பிள்ளையை வீதியில் பறிகொடுத்து நிற்பதை எமது பிரதேசங்களில் திரும்பத் திரும்பக் காண்கின்றோம். விபத்து நிகழ்ந்த மறுநாள் வேகம், மது, கைத்தொலைபேசி என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் அவற்றுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்வியொன்று கேட்கப்படாமலே போய்விடுகின்றது. அந்தப் பிள்ளைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யார்?

பெரும்பாலும் அண்ணன், மாமன், அல்லது அடுத்த வீட்டு நண்பன். கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ ஒரு மாலைப்பொழுது போதுமானதாகக் கருதப்படுகின்றது. கிளச்சை மெல்ல விடு, எக்ஸிலேற்றரை மெல்ல முறுக்கு, கால் ஊன்றாதே, இவ்வளவே பாடம். வண்டி நிற்காமல் ஓடினால் பழகியாயிற்று என்று பொருள். அதன் பிறகு மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, 'எல்' பலகை, இறுதியாகச் செயன்முறைப் பரீட்சை. அந்தச் செயன்முறைப் பரீட்சையில் மோட்டார் சைக்கிள்காரர் செய்துகாட்ட வேண்டியவற்றில் முதன்மையானது, மைதானத்தில் கால் நிலத்தில் படாமல் எட்டு வடிவில் வண்டியைச் செலுத்துவதாகும். எட்டுப் போடுவது இலகுவான காரியமன்று. மெதுவான வேகத்தில் சமநிலை காப்பதற்கு அது நல்ல சோதனையே. ஆயினும் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் கூட்டமில்லாத மைதானத்தில் யாரும் மாண்டுபோவதில்லை. மனிதர் மாள்வது ஏ-9 இலும் ஏ-4 இலும். அங்கே எதிரே பஸ் வரும், இடப்பக்க ஒழுங்கையிலிருந்து முச்சக்கரவண்டி பாயும். அந்த வீதியில் அவர் எப்படி ஓடுகின்றார் என்பதை, அனுமதிப்பத்திரம் வழங்கும் நாள்வரை அரசின் சார்பில் எவரும் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பாரதூரமானது என்பதற்குப் பழைய ஆய்வொன்று சான்று பகர்கின்றது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரும் அவரது குழுவினரும் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திலேயே ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 வீதமானோர் முறையான பயிற்சியின்றித் தாமாகவோ உறவினர், நண்பர் மூலமோ ஓடப் பழகியவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியைக் கையாளத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. வேறு வாகனங்களுடன் மோதியவற்றில் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கில், மற்றைய வாகனமே மோட்டார் சைக்கிளின் வழியுரிமையைப் பறித்திருந்தது. இன்னொன்றையும் ஹேர்ட் குழுவினர் கண்டனர். ஆபத்தைக் கண்ட கணத்தில் பெரும்பாலானோர் பின் பிறேக்கை மிதமிஞ்சி அழுத்திச் சில்லை வழுக்கவிட்டிருந்தனர்; முன் பிறேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

எமது ஊர்களில் புதிதாகப் பழகுவோருக்குச் சொல்லப்படும் முதலாவது புத்திமதியே, "முன் பிறேக்கைப் பிடிக்காதே, தூக்கி எறிந்துவிடும்" என்பதுதான். மணல் ஒழுங்கையில் வண்டியைத் திருப்பும்போது இது சரியான புத்திமதி. தார் வீதியில் இதுவே உயிருக்கு உலை வைக்கக் கூடியது. பிறேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வலுவில் பெரும்பங்கை முன் சில்லே தாங்குகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் செல்லும். ஆபத்தைக் கண்டு கை பிறேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு விநாடி போய்விடும். அதன் பின்னர் இரு பிறேக்குகளையும் பதமாகப் பிடிக்கத் தெரிந்தவர் உலர்ந்த வீதியில் மேலும் சுமார் 14 மீற்றரில் வண்டியை நிறுத்திவிடலாம். பின் பிறேக்கை மட்டும் நம்பியவருக்கு அதைப்போல் இரு மடங்கு தூரம் தேவைப்படும். இந்த வித்தியாசம் ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். வேகம் 50 இலிருந்து 70 ஆக உயர்ந்தால், பிறேக் பிடித்த பின்னர் செல்லும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றது. நகர்ப்பகுதிக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் வேகம் அந்த 70 தான் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

முன் பிறேக்கைத் திடீரென இறுக்கினால் ஆள் தூக்கியெறியப்படுவதும் உண்மையே. அதனால்தான் அது சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டிய கலையாகின்றது. விரல்களால் முதலில் மெல்லத் தொட்டு, பாரம் முன்னே சாய்ந்த பின்னர் படிப்படியாக இறுக்கி, வண்டியை நேராக வைத்து, பார்வையை நிலத்தில் அல்லாமல் தூரத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஆளரவமற்ற வீதியொன்றில், முதலில் 20 கிலோமீற்றர், பின்னர் 30, பின்னர் 40 எனப் பலமுறை செய்து பழகினாலன்றி உடம்பு அதைக் கற்றுக்கொள்ளாது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. இற்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்குச் சில்லு இறுகிப்போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குக் குறைந்தவற்றுக்கு இரு பிறேக்குகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. எமது வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி அதற்கு முந்திய இந்திய வண்டிகள். அவற்றை ஓட்டுபவருக்குத் துணையாக இருப்பது அவரது கைப்பழக்கம் ஒன்றே.

வடக்கைப் பொறுத்தவரை இந்தக் கைப்பழக்கம் தலைமுறை வழியாக வந்துசேராததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்குக்கூடக் கிடைப்பது அரிதாக இருந்தது. சில துளி பெற்றோலைக் கொண்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களின் புகை மணம் அக்காலத்தவருக்கு நினைவிருக்கும். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் நோயாளரையும் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. ஜப்பானியத் தபால்காரர்களின் வண்டியாகப் பிறந்து எம்மிடம் வந்து சேர்ந்த எம்.டி. 90 வைத்திருந்தவர் ஊரில் ஒரு கனவான். 2002 இல் ஏ-9 திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் நிலைமை தலைகீழானது. குத்தகை நிறுவனங்கள் நகரத்துக்கு நகரம் கிளை திறந்தன. சைக்கிளில் வளர்ந்த சமூகமொன்றின் முற்றத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் 125, 150, 180 சி.சி. வண்டிகள் வந்து சேர்ந்தன. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் அதே காலத்தில் கார்ப்பெட் வீதிகளாயின. வண்டியும் வீதியும் வந்தன. கற்றுக்கொடுக்கும் தந்தைக்கே அந்த வேகத்தில் பழக்கமில்லை என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. கிழக்கிலும் மலையகத்திலும் வரலாறு வேறானபோதிலும், குத்தகை வண்டியும் பயிற்சியில்லாக் கைகளும் அங்கும் பொதுவானவையே.

முதல் வண்டி எத்தகையது என்பதும் இவ்விடத்தில் முக்கியமாகின்றது. க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது 'ஏ' எடுத்தால் மோட்டார் சைக்கிள் என்று வாக்களிக்கும் பெற்றோர் உளர். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குத் தந்தையின் பெயரில் 150 சி.சி. வண்டி வாங்கிக் கொடுப்பதைப் பாசம் என்று நாம் கருதவில்லை. அனுமதிப்பத்திரமில்லாத ஒருவர் ஓடி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும் நிலை ஏற்படலாம். எதிரே வந்தவர் இறந்துபோனால் நீதவான் நீதிமன்றத்தில் நிற்பது பிள்ளை மட்டுமாக இராது. இந்தியா 2019 இல் தனது மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பராயமடையாதவர் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கு 25,000 இந்திய ரூபா தண்டமும் மூன்றாண்டு வரையான சிறையும் விதிக்க வழிசெய்தது. அங்கே அது எந்தளவுக்கு நடைமுறையாகின்றது என்பது வேறு விடயம். பாரம் குறைந்த, இருக்கும்போது இரு பாதங்களும் நிலத்தில் நன்றாகப் படியும் 100 சி.சி. அளவிலான வண்டியே பழகுபவருக்குப் போதுமானது. முதல் சில மாதங்களுக்குப் பின்னால் ஆள் ஏற்றாதிருப்பது அதைவிட முக்கியமானது. பின்னிருப்பவரின் பாரம் பிறேக்கையும் திருப்பத்தையும் முற்றிலும் மாற்றிவிடும் என்பது ஏற்றிப் பார்த்த பின்னர்தான் பலருக்குத் தெரிகின்றது.

தலைக்கவசத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2008 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, அது மரண ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காய ஆபத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகக் கணித்தது. 2015 இல் கொள்ளைச் சம்பவங்களைக் காரணங்காட்டி முகத்தை முழுமையாக மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. தாடையைக் காப்பது அந்த வகைக் கவசமே என்பதால், அம்முயற்சி புதியவர்களுக்குத் தவறான செய்தியையே கொண்டு சென்றது என்பது எமது கருத்து. இன்று காணும் குறை வேறு. கவசம் தலையில் இருக்கின்றது. நாடாப் பட்டி பூட்டப்படுவதில்லை. பொலிஸாருக்காக அணியப்படும் கவசம் மோதிய கணத்தில் தலையை விட்டுப் பறந்துவிடுகின்றது.

இன்று யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டர் ஓடும் பெண்களின் தொகை எவரும் காணக்கூடியது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் ஆசிரியைகள், தாதியர், பல்கலைக்கழக மாணவியர் எனப் பலர் ஓடுகின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றம். பஸ்ஸுக்குக் காத்திருந்து இழக்கும் நேரத்தையும், பிறர் துணையை எதிர்பார்க்கும் நிலையையும் அது நீக்கியிருக்கின்றது. ஆனால் இவர்களுக்கு உரிய சில நுட்பங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. தடித்த மடிப்புகளுடன் கூடிய முக்காட்டின்மேல் கவசம் அணிந்தால் அது தலையில் இறுகப் பொருந்தாது. உள்ளே மெல்லிய துணியாலான தொப்பியும் அதற்கேற்ற அளவிலான கவசமும் தேவை. அபாயாவின் ஓரம், சேலைத் தலைப்பு, துப்பட்டா ஆகியன பின் சில்லிலோ செயினிலோ சிக்குவதால் நேரும் விபத்துகள் ஓடுபவரைவிடப் பின்னிருப்பவருக்கே அதிகம். ஆடையை ஒதுக்கிச் செருகிய பின்னரே புறப்படுவது ஒரு பழக்கமாக வேண்டும். பெண்ணொருவர் பெண்ணிடமே கற்க விரும்பினால், எமது ஊர்களின் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குப் பெண் பயிற்றுநரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இதில் ஒரு தொழில்வாய்ப்பும் ஒளிந்திருக்கின்றது.

எமது வீதிகளுக்கே உரிய ஆபத்துகளையும் எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை. அறுவடைக் காலத்தில் அம்பாறை, மட்டக்களப்பு, கிளிநொச்சி வீதிகளின் ஒரு பாதி நெல் காயும் களமாகிவிடுகின்றது. அந்த நெல்மணிகளின் மேல் பிறேக் பிடிப்பது எண்ணெயின் மேல் பிடிப்பதற்கு ஒப்பானது. வன்னியில் இரவில் தாரின் இளஞ்சூட்டுக்காக வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள் மோட்டார் சைக்கிளின் விளக்குக்குக் கடைசிக் கணத்திலேயே தென்படும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதல் சில நிமிடங்களில் வீதியில் படிந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து வழுக்கும். புகையிரதக் கடவையைச் சரிவாகக் கடந்தால் நனைந்த தண்டவாளம் சில்லை இழுத்துவிடும். 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பின்னர் பாதுகாப்பற்ற கடவைகளில் பறிபோன உயிர்கள் தனிக்கதை. நுவரெலியாப் பக்கத்துப் பனிமூட்டத்தில் கொண்டையூசி வளைவொன்றை எவ்வாறு எடுப்பது என்பதை எட்டு வடிவம் கற்றுத்தராது.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன? பிரித்தானியாவில் 1990 முதல், 'எல்' பலகையுடன் வீதியில் இறங்குவதற்கு முன்னரே கட்டாய அடிப்படைப் பயிற்சியொன்றைப் பெறவேண்டும். மைதானப் பயிற்சிக்குப் பின்னர் பயிற்றுநர் கூடவே வர, குறைந்தது இரண்டு மணித்தியாலம் உண்மையான வீதியில் ஓடிக்காட்ட வேண்டும். அதன் பிறகும் பழகுபவருக்கு 125 சி.சி. இற்கு மேற்பட்ட வண்டியில்லை; ஆளேற்ற அனுமதியில்லை. சிங்கப்பூரில் 200 சி.சி., 400 சி.சி., அதற்கு மேல் என மூன்று படிகள். ஒரு படியில் ஓராண்டு இருந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். இலங்கையில் 100 சி.சி. வரையானவற்றுக்கு ஏ1 என்றும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ என்றும் இரு வகுப்புகள் ஏற்கனவே உள்ளன. ஆனால் முதலாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏணி இருக்கின்றது, எவரும் படியில் ஏறுவதில்லை, நேரே கூரைக்குத் தாவுகின்றனர்.

பயிற்சி அளித்தால் மரணங்கள் குறைந்துவிடும் என்று நாம் இலகுவாக வாக்களிக்க மாட்டோம். 2010 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வொன்று, எந்த வகைப் பயிற்சி விபத்தைக் குறைக்கின்றது என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. கட்டாயப் பயிற்சி, அவசரக்காரர் சிலரை அனுமதிப்பத்திரத்திலிருந்தே பின்வாங்கச் செய்வதால் பயன் விளைந்திருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது. தாமதமே பாதுகாப்பாகிவிடுகின்றது போலும். அப்படியாயின், வயதெல்லையை 21 ஆக உயர்த்திவிட்டால் என்ன என்று கேட்போருடன் எமக்கு உடன்பாடில்லை. மோட்டார் சைக்கிள் செல்வந்தப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. அதிகாலையில் மீன்பெட்டி கட்டிச் செல்பவர், தோட்டத்திலிருந்து நகரக் கடைக்கு வேலைக்குப் போகும் இளைஞர், பஸ் போகாத கிராமத்தின் தொண்டர் ஆசிரியர் ஆகியோரின் பிழைப்பு அதில் இருக்கின்றது. வாசலை அடைப்பதைவிட வாசற்படியைச் சரிசெய்வதே நியாயமானது.

அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் செயன்முறைப் பரீட்சையில் இரண்டு விடயங்களைச் சேர்க்கலாம். ஒன்று, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து கோடொன்றுக்குள் இரு பிறேக்குகளாலும் நிறுத்திக்காட்டுவது. மற்றையது, பரீட்சகர் பின்னால் வேறொரு மோட்டார் சைக்கிளில் தொடர, சாதாரண வீதியில் இருபது நிமிடம் ஓடுவது. புதியவர் முதல் ஓராண்டு ஏ1 வகுப்பில் இருக்க வேண்டும் என்ற விதி ஒரு வர்த்தமானியில் அடங்கக்கூடிய காரியம். வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபை சுவரொட்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்க ஒதுக்கலாம். நோன்புகால இரவுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடசாலைகளின் கிரிக்கெட் போட்டி ஊர்வலங்களிலும் நிகழும் ஓட்டப் போட்டிகளைக் கண்டித்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ஆலய பரிபாலன சபையினரும் பழைய மாணவர் சங்கத்தினரும் பேசுவது நன்று. கண்டனத்தோடு, வாரத்தில் ஒரு மாலை மைதானத்தைத் திறந்து, அனுபவமுள்ள ஒருவரை வைத்துப் பிறேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அதைவிட நன்று.

குத்தகை நிறுவனங்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. வண்டியை வாங்கிப் பதிவுசெய்ய அனுமதிப்பத்திரம் தேவையில்லை. சம்பளச் சான்று, பிணையாளர், காப்புறுதி என அத்தனையையும் துருவிக் கேட்பவர்கள், இந்த வண்டியை ஓடப்போவது யார், அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கின்றதா என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் அவர்களுக்கு இழப்பேதுமில்லை. வண்டி உருக்குலைந்த பின்னரும் தவணைப் பணம் நின்றுவிடுவதில்லை. மகனை அடக்கம் செய்துவிட்டு, மாதம் தவறாமல் அவன் ஓடிய வண்டிக்குக் காசு கட்டும் தகப்பன்மார் எமது மாவட்டங்களில் இருக்கின்றனர்.